பதினான்காவது கட்டத்தில் காபி

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் தொழிலாளர் சுவாச நல ஆணையம். அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியாது. பூமோன் ஆபீஸ் என்று சொல்ல வேண்டும். பூமோன் என்றால் பிரெஞ்சில் நுரையீரல். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சாலைத் தொழிலாளிகளின் நெஞ்சில் பஞ்சு அடைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காகத் தொடங்கியது. பிறகு ஆலைகளை மூடினார்கள், ஆணையத்தை மூட மறந்துவிட்டார்கள். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுவரும் வெள்ளைக் கரையுமாக அது இன்னும் நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே மனுப் பிரிவில் நான் எழுத்தர். பெயர் செம்மல்.

எங்கள் மனுவில் முப்பத்தொரு கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்தைத் தீர்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது என்பது விதி. பதினான்காவது கட்டம், ‘மனுதாரர் காபி அருந்துபவரா?’ பதினைந்தாவது கட்டம், ‘வேலையிடத்தில் தூசி உண்டா?’ காபியைப் பற்றிய கேள்வியை எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சு டாக்டர் சேர்த்தாராம். எதற்காகச் சேர்த்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் கப்பலேறிப் போய்விட்டார், கேள்வி இங்கேயே தங்கிவிட்டது.

போன மார்ச் மாதம் தனிஸ்லாஸ் என்பவர் என் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பத்தோரு வயது, நெல்லித்தோப்பில் வீடு. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் துணி துவைக்கும் பவுடர் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக மூட்டையைப் பிரித்து மிக்சரில் கொட்டுகிற வேலை. பேசுகிறபோது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று இருமிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார்.

“எனக்கு நஷ்டஈடு கிஷ்டஈடு எதும் வேணாம் தம்பி. மூச்சு சரியில்லன்னு ஒரு சீட்டு குடுங்க. சீட்டு இருந்தா பேக்கிங்குக்கு மாத்திடறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அங்க தூசி கெடையாது.”

ஒரே ஒரு சீட்டு. அவர் கேட்டது அவ்வளவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் ஆணையத்தில் யாருக்கும் பிறகு அது ஞாபகம் இருக்கவில்லை.

பதின்மூன்று கட்டங்கள் மளமளவென்று ஓடின. பதினான்காவதற்கு வந்ததும், காபி குடிப்பீங்களாண்ணே என்று கேட்டேன்.

“அளவா குடிப்பேன். காலையில ஒண்ணு, சாய்ந்தரம் ஒண்ணு. இப்ப தவக்காலம், வுட்டுட்டேன்.”

அவர் வேதக்காரர். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள் தங்களுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை. தனிஸ்லாஸ் இருபது வருஷமாகக் காபியை விடுகிறார். நான் கட்டத்தில், ‘சாம்பல் புதன் முதல் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டேன். பிறகு, இருமல் எப்போதிருந்து அதிகம் என்று விசாரித்தேன். ரெண்டு வருஷமா இருக்குது, ஆனா இந்தப் பதினஞ்சு நாளாத்தான் தாங்க முடியல, ரெண்டாவது மிக்சர் போட்டுட்டாங்க என்றார். மிக்சர் பதினைந்தாவது கட்டத்துச் சமாசாரம், பதினான்கை டாக்டர் தீர்த்துவைக்காமல் அதை எழுத முடியாது. இருமலுக்கான கட்டமோ ஏற்கெனவே நிறைந்துவிட்டது. இடமில்லாமல் அந்தத் தேதியையும் காபித் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

நான் செய்த தப்பு இது ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனு டாக்டர் ராஜாங்கத்திடம் போனது. ஆணையத்தின் மூத்த மருத்துவர். தினமும் பத்தரைக்கு வந்து, பத்து நாற்பதுக்கு முதல் காபியைக் குடித்து, அதற்கப்புறம்தான் பேசத் தொடங்குவார். மனுவைப் பார்த்தார். தேதிகளைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்துக் காபித் தேதியிலிருந்து இருமல் தேதிக்கு ஓர் அம்புக்குறி போட்டார்.

“காபியை நிறுத்தினீங்க, இருமல் வந்துருச்சு. காபில இருக்கற சத்து மூச்சுக்குழாயத் தளர்த்தி வைக்கும். நீங்க திடீர்னு நிறுத்தினதும் குழாய் சுருங்கிப்போச்சு. இதுல கம்பெனி என்ன செய்யும்?”

அதுக்கு முன்னாடியே இருமல் இருக்குதுங்க சார், போன தவக்காலத்துல இவ்ளோ இல்லீங்களே என்று தனிஸ்லாஸ் சொல்லிப் பார்த்தார். போன தவக்காலத்துக்கு மனு போட்டிருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை. அப்படியானால் அது பதிவில் இல்லை. இன்று சாயங்காலமே ஒரு டம்ளர் குடியுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். ஈஸ்டர் வரைக்கும் குடிக்க மாட்டேன் என்று தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். டாக்டர் கோப்பில், ‘நோய் மனுதாரரால் விரும்பித் தேடிக்கொள்ளப்பட்டது’ என்று எழுதினார்.

விரும்பித் தேடிக்கொண்டது என்றால் அதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே நெல்லித்தோப்புப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் போயிற்று. நான்தான் தட்டச்சு செய்தேன். மேற்படி மனுதாரர் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை காபியைத் துறந்துள்ளார், எந்த அதிகாரியின் உத்தரவின் பேரில் துறந்தார், துறந்ததைக் கண்காணித்தவர் யார் என்று மூன்று கேள்வி. பத்து நாளில் பதில் வந்தது. ‘ஒறுத்தல் என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. பூசை நேரத்தில் அவர் இருமுவதை நானே கேட்கிறேன். தயவுசெய்து அவர் மார்பைப் பரிசோதியுங்கள்.’

எங்கள் இயக்குநர் ராஜவேல் அதை இரண்டு தரம் படித்தார். கடைசி வரி நாம் கேட்காதது என்று அடித்துவிட்டார். முதல் வரியின் ஓரத்தில், ‘இரண்டாம் தரப்பின் வாக்குமூலம் பெறப்படவில்லை’ என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் குறிப்பின் மேல் என்ன நடவடிக்கை எடுப்பது என்று தெரியாமல் நான் மூன்று நாள் திண்டாடினேன்.

இதற்குள் ஈஸ்டர் வந்துவிட்டது. தனிஸ்லாஸ் பழையபடி இரண்டு டம்ளர் குடிக்கத் தொடங்கினார். இருமல் போகவில்லை. முன்னெல்லாம் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரே மூச்சில் நடந்து வருகிறவர், இப்போது எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். டாக்டர் ராஜாங்கம் அந்த வாரம் ஊரில் இல்லை. காபியும் சுவாசமும் என்ற கருத்தரங்குக்காக மலைத்தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். எனவே டாக்டர் சிவசங்கரி பார்த்தார். அவர் காபி குடிக்காதவர். குடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம் வரும்.

காபி வயிற்றில் புளிப்பைக் கிளப்பும், புளிப்பு மேலே ஏறித் தொண்டையை அரிக்கும், தொண்டை அரித்தால் இருமல் வரும், உடனே நிறுத்துங்கள் என்று அவர் சொன்னார். நிறுத்தியதால்தான் வந்தது என்று போன மாதம் சொன்னார்களே என்று தனிஸ்லாஸ் கேட்டார். அது அவருடைய பிரிவு, இது என் பிரிவு என்றார் டாக்டர் சிவசங்கரி. பச்சைப் பேனாவால் அதே காபியிலிருந்து இருமலுக்கு இன்னோர் அம்புக்குறி போட்டார். கட்டத்தில் எழுத்தே தெரியவில்லை.

அன்று வெளியே போகும்போது தனிஸ்லாஸ் என் ஜன்னலில் நின்றார்.

“தம்பி, எங்கப்பாவுக்கு இங்க ஒரு மிஷின்ல ஊதச் சொல்லிப் பாத்தாங்களாம். அது இருக்குதா? ஒரு தரம் ஊதிட்டுப் போறேன்.”

இருக்கிறது. பின்கட்டில் ஏழாம் அறையில், துணி போர்த்தி வைத்திருக்கிறோம். ஆனால் அந்த அறையில் மின்சாரத்துக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. அதில் டாக்டர் ராஜாங்கத்தின் ஆராய்ச்சிக்காக வாங்கிய காபி மிஷின் ஓடுகிறது. ஊதுகிற மிஷினின் மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பார்கள். காபி மிஷினை அரைமணி நேரம் நிறுத்தலாமா என்று நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது நிறுத்தினால் முடிவு பாதிக்கப்படும் என்று திரும்பி வந்தது. அதையும் கோப்பில் சேர்த்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் என் கோபம் நான்கு மணிக்கு எங்களுக்கும் காபி வந்ததும் தணிந்துவிட்டது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஒரு ஆணையம் ஒரே நோயாளிக்கு இரண்டு பேனாவில் இரண்டு விதமாகச் சொல்லலாமா என்று இயக்குநர் கவலைப்பட்டார். பிரச்சனை காபியில் இல்லை, அளவில்தான் என்று கண்டுபிடித்தார். ‘அளவா குடிப்பேன்’ என்றாரே மனுதாரர், அந்த அளவு எவ்வளவு? உடனே மித அளவு நிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. ஐந்து உறுப்பினர்கள், ஒரு ஜீப், ஒரு அளவுக் குடுவை. குறிப்பெடுக்க நான்.

மே மாத வெயிலில் நெல்லித்தோப்புச் சந்து ஒன்றில் ஜீப் நுழைய முடியாமல் நின்றது. நடந்து போனோம். தனிஸ்லாஸின் மனைவி அந்தோணிமேரி கதவைத் திறந்தார். ஐந்து அதிகாரிகளைக் கண்டதும் சீட்டு கொண்டுவந்துவிட்டோம் என்று நினைத்துக் கும்பிட்டார். நாங்கள் அவருடைய டம்ளரைக் கேட்டோம்.

டம்ளர் நூற்று முப்பது மில்லி. விளிம்பு வரைக்கும் ஊற்றுவீர்களா, விரலளவு குறைப்பீர்களா? நுரையைச் சேர்க்க வேண்டுமா, தள்ள வேண்டுமா? டபராவில் சிந்துவது யார் கணக்கு? குழுவுக்குள் தகராறு வந்தது. போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். அந்தோணிமேரி போட்டுக் கொடுத்தார். அளந்துவிட்டு, வீணாகக் கூடாதே என்று குடித்தார்கள். ஒரு முறை அளந்தால் அறிவியல் ஆகாது என்று ஒருவர் சொன்னதால் மறுபடி போடச் சொன்னார்கள். மூன்றாவது தரம் பால் தீர்ந்துபோய், அந்தோணிமேரி பக்கத்து வீட்டில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். தனிஸ்லாஸ் அந்த நேரமெல்லாம் கட்டிலில் தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். கிளம்பும்போது அந்தோணிமேரி என்னிடம் மட்டும் கேட்டார்.

“ஏன் தம்பி, டம்ளர அளந்தீங்களே, அவரு நெஞ்சுல யாரும் கை வச்சுப் பாக்கலியே?”

அது இந்தக் குழுவின் வரம்பில் இல்லக்கா என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஜீப்பில் ஏறியபோது, பெண்மணி நல்ல டிகாக்ஷன் போடுகிறார் என்று குழுத்தலைவர் சொன்னதையும் குறிப்பில் எழுதினேன்.

இதற்கிடையில் கம்பெனி மேனேஜர் தனிஸ்லாஸிடம் சீட்டு எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டார். ஆணையமே காபிதான் காரணம் என்று விசாரிக்கிறது, நான் எதற்கு உன்னை மாற்ற வேண்டும் என்றாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டு மிக்சரிலும் தனிஸ்லாஸ்தான் கொட்டினார்.

ஆகஸ்ட் மாதம் ஆணையத்தின் ஆண்டு விழா. அன்றைக்கே காபி குறித்த பொது விசாரணையையும் வைத்துவிட்டார்கள், ஒரே பந்தல் செலவு என்று. தனிஸ்லாஸை முதல் வரிசையில் உட்கார வைத்து, நெஞ்சில் ‘மனுதாரர்’ என்று ஒரு அட்டை குத்தினார்கள். இருமல் பேச்சுக்கு இடைஞ்சலாக இருந்ததால் பிறகு கடைசி வரிசைக்கு மாற்றினார்கள்.

டாக்டர் ராஜாங்கம், அளவோடு காபி குடிப்பவர்களின் ஈரல் நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது, மனம் தெளிவாக இருக்கிறது என்றார். டாக்டர் சிவசங்கரி, தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வயிறு எரிகிறது என்றார். இருவரிடமும் ஆதாரம் இருந்தது. நாற்பது நாற்பது பக்கம், இரண்டையும் நான்தான் தட்டச்சு செய்தேன். பிறகு இயக்குநர் எழுந்தார். அவர் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தது அப்படியே இது.

“பெரியோர்களே, இந்த ஆணையம் சுதந்திரத்துக்கு முன்னாலே தொடங்கியது. அன்று முதல் இன்று வரை நம்மிடம் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நுரையீரல் கெட்டுவிட்டது என்று நாம் சான்று கொடுத்ததில்லை. ஒருவருக்குக்கூட. நம் ஊர்த் தொழிலாளியின் நுரையீரல் அவ்வளவு ஆரோக்கியமானது. இந்தச் சாதனையை என் காலத்தில் நான் கெடுக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.”

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. நானும் தட்டினேன். பிறகு குழுவின் முடிவைப் படித்தார்கள். ‘அளவோடு காபி அருந்துவது, நன்மை இருக்கும் அளவுக்கு நல்லது. தீமை இருக்கும் அளவுக்குத் தீயது. இவ்விரண்டு அளவுகளையும் நிர்ணயிக்க உபகுழு ஒன்று அமைக்கப்படும்.’ மூன்றாவது முறையாகக் காபி வந்தது. மனுதாரர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று மரியாதைக்காகக் கேட்டார்கள். தனிஸ்லாஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“சார், காபி குடிச்சாலும் இருமல் வருது. குடிக்கலன்னாலும் வருது. பொங்கலுக்கு நாலு நாள் கம்பெனி லீவு வுட்டாங்க. அந்த நாலு நாளும் வரல.”

பந்தலில் எங்கோ ஒரு டம்ளரைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. இப்போது யாராவது ஒருவர் எழுந்து, அவரை ஏழாம் அறைக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அந்த ஒருவர் நானாகவும் இருந்திருக்கலாம். சுருக்கெழுத்துப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தே இருந்தேன்.

இயக்குநர் டாக்டர் ராஜாங்கத்தைப் பார்த்தார். அந்த நான்கு நாளும் வீட்டில் எத்தனை டம்ளர் குடித்தீர்கள் என்று டாக்டர் ராஜாங்கம் தனிஸ்லாஸைக் கேட்டார். பண்டிகைக் காலத்தில் மூன்று இருக்கும் என்றார் அவர். பார்த்தீர்களா, மூன்று என்று டாக்டர் ராஜாங்கம் சபையைப் பார்த்துச் சொன்னார். அவருடைய பிரிவுக்காரர்கள் கைதட்டினார்கள்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் தனிஸ்லாஸ் இரண்டாவது மிக்சருக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பத்து நிமிஷம்தான் ஆயிற்றாம். இரண்டு பக்க நுரையீரலும் பாதிக்கு மேல் போய்விட்டது, திரும்ப வராது என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் காபியைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. என்ன பவுடர் என்றுதான் கேட்டாராம்.

இந்தச் செய்தி வந்ததும் எங்கள் ஆணையத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. ஆறு மாதமாகத் தீராத கோப்பு ஒரே நாளில் தீர்ந்தது. இயக்குநர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மனுதாரர் தற்போது காபி அருந்தும் நிலையில் இல்லாததால் பதினான்காவது கட்டம் தீர்ந்தது. மனுதாரர் தற்போது வேலைக்குச் செல்லாததால் பதினைந்தாவது கட்டம் பொருந்தாது. கோப்பு முடிக்கப்படுகிறது.’ முடிக்க வேண்டுமானால் மனுதாரரின் கையெழுத்து வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர்களோடு உள்ளே போனேன். முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு தனிஸ்லாஸ் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். வேணாண்ணே என்று தோளைத் தொட்டேன். தோளில் எலும்புதான் இருந்தது. அந்தோணிமேரி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாய் காபி கேக்கறாரு தம்பி. அந்த ஆபீசுலதான இருக்கீங்க. குடுக்கலாமா?”

அதைப் பற்றி நான் தட்டச்சு செய்தது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு வரிகூட அப்போது உதவவில்லை. உள்ளே இருக்கும் டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கொடுக்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தோணிமேரி அவர் முகத்து மூடியை விலக்கி, பிளாஸ்க் மூடியில் ஊற்றி, இரண்டு வாய் கொடுத்தார். மூன்றாவதற்குள் மூச்சு வாங்கியது, போதும் என்று அவர் கையைக் காட்டினார்.

நான் காகிதத்தை நீட்டினேன். சீட்டு வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லண்ணே, கோப்ப முடிக்கறதுக்கு என்றேன். அவர் படிக்கவில்லை. பேனாவைக் கெட்டியாகப் பிடித்துத் தன் பெயரை முழுசாக எழுதினார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“நம்ம எடத்துல இப்ப யாரு தம்பி கொட்டறது?”

“இராமதாஸ்னு ஒருத்தர். சேதராப்பட்டுலேர்ந்து வராரு. இருமுதுன்னு நேத்துதான் மனு வாங்கிட்டுப் போனாரு.”

தனிஸ்லாஸ் முகத்து மூடியைத் தானே இறக்கிக்கொண்டார். அந்தோணிமேரி தடுத்தும் கேட்கவில்லை. விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது.

“அவுருகிட்ட சொல்லு. காபி குடிப்பேன்னும் எழுத வேணாம், குடிக்க மாட்டேன்னும் எழுத வேணாம். அந்தக் கட்டத்த அப்படியே காலியா வுட்டுடச் சொல்லு. அப்பறம் நேரா தூசிக்குத்தான் வந்தாவணும் அவுங்க.”

கண்டிப்பாச் சொல்றேண்ணே என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்தது. மூடியைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த மனுவை ஜன்னலிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஜன்னலில் உட்கார்ந்திருப்பது நான்.